அதே கை

இந்த ஊரைத் தூண் என்றுதான் எழுதுகிறோம்.
தூணிலும் துரும்பிலும் இருப்பவனிடம்
யாரும் அடையாள அட்டை கேட்டதில்லை.
என்னிடம் கேட்டார்கள். சீட்டு எண் 214,
மூன்றாம் யன்னல், காலை எட்டேகால்.

அலுவலகத்தின் முழுப்பெயர்
வீதிப் போக்குவரத்து, கப்பல் போக்குவரத்துத் திணைக்களம்.
கடல் இல்லாத நாடு. ஏரி இருக்கிறது, போதுமாம்.
எனக்கு முன் நின்றவர் படகு விஷயமாய் வந்தவர்.
"ஃபொன் ஆல்மென், மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுதோ?"
கேட்டபடியே முத்திரை குத்தினார் அலுவலர்.
மனுசன் பர்சைத் திறக்கக்கூட இல்லை.

நான் எல்லாம் கொண்டுபோயிருந்தேன்:
வதிவிட அட்டை, நகரசபைப் பதிவு,
சிரிக்கக் கூடாத படம்,
கண்ணாடிக் கடைக்காரன் ஒப்பமிட்ட பார்வைச் சோதனை.
(கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.
அது எந்தச் சொல்லும் இல்லை.)

"திருமதி சிற்றம்பலம்?"
அது அப்பாவின் பெயர்.
அப்பாவுக்குப் பெரிய மீசை.
ஓம் என்றேன்.

பெயர் சரி. பிறந்த திகதி சரி.
மூக்கும் சரியாம்.
கையெழுத்துத்தான் பிழை.

படிவத்தில் இருப்பது
சம்பளத் தாளிலும் வாடகை ஒப்பந்தத்திலும்
மகனின் பள்ளிக்கூடக் கடிதங்களிலும்
இருபது வருஷமாய்ப் போட்டுப் போட்டு
எழுத்தெல்லாம் தேய்ந்து போன ஒரு கோடு.
அட்டையில் இருப்பதோ தமிழில்,
த-யா-ளி-னி, நாலும் முழுசாய்.
அட்டை புதுப்பித்த ஒவ்வொரு முறையும்
படத்தை மாற்றியவர்கள்
அதை மட்டும் அப்படியே நகலெடுத்து வந்திருக்கிறார்கள்.

"இதைப்போல இன்னொருக்கா போடுங்கோ."
குரலில் கோபம் இல்லை.
பேனையைக்கூடப் பிடிப்பக்கம் திருப்பித்தான் நீட்டினார்.

யோசித்துப் பாருங்கள்.
பத்தொன்பது வயதில் போட்ட கையெழுத்தை
நாற்பதில் கள்ளமாய்ப் போட வேண்டும்.
என்னுடையதையே.
அதுவும் அதிகாரியின் கண்முன்னால்.

முதல் தரம் வடிவாய் வந்தது.
வடிவாய் வந்தால் பிழை.
இரண்டாம் தரம் ளி பொருந்தியது, னி பெருத்துவிட்டது.
கையெழுத்துக் கோணலென்றால்
தலையெழுத்து நேராய் இருக்குமாம்.
அந்தக் கணக்கில் அட்டைக்காரி
ராசாத்தியாய் வாழ்ந்திருக்க வேண்டும்.

பின்னால் நின்ற பொடியன்
ஹெல்மெட்டைக் கை மாற்றினான்.
சீட்டின் பின்பக்கத்தில் பழகிப் பார்த்தேன்.
பிறகு அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன்.
அப்போதுதான் கண்டேன்,
யாவின் கால் பெட்டியை விட்டு
வெளியே இறங்கி நிற்கிறது.
கோடெல்லாம் நெளிகிறது, காற்றில் கொடிக்கயிறு மாதிரி.

பாசல் முகாம். பெப்ரவரி.
கைரேகை மை துடைக்கத் தந்த தாள்
இரண்டு விரலுக்குத்தான் காணும்.
நடுங்கி நடுங்கி எழுதியிருக்கிறாள்.
குளிர் என்று
மொழிபெயர்ப்பாளருக்குச் சொன்னது நினைவிருக்கிறது.

மூன்றாம் தரம்
நடுக்கத்தையும் சேர்த்துப் போட்டேன்.
நடிப்பாய்த்தான் தொடங்கியது.
னியின் சுழிக்கு வந்தபோது
நடிப்பு இல்லை.

இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.
"இப்ப சரி. இது நீங்கள்தான்."
காசு கட்டும் மெஷின்
நாலே நாலு இலக்கம் கேட்டுவிட்டு நம்பியது.

முதியோர் இல்லத்தில் என் வேலை ஐந்தரைக்கு,
முதல் பஸ் ஆறு ஐந்துக்கு.
அதற்காகத்தான் இவ்வளவும்.
பனி நாளில் சைக்கிள் சறுக்கி
இரண்டு தரம் விழுந்தும் இருக்கிறேன்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்.
பயண அட்டையை இழுக்க
வரிசைச் சீட்டும் கூட வந்து கீழே விழுந்தது.
அட்டைமேல் மெஷினைக் காட்டினான், கீச்சென்றது,
முகத்தைப் பார்க்கவில்லை.
குனிந்து சீட்டை எடுத்தவன்தான்
கொஞ்ச நேரம் பார்த்தான்:
ஏழெட்டுத் தயாளினிகள்,
ஒருத்தி மேல் ஒருத்தியாய்,
ஒருத்திக்கும் மற்றவளின் சாயல் இல்லை.

"இது தேவையோ?" என்றான்.

தேவை என்றேன்.